திறக்காத ஒரு பிடிஎஃப்: நம்பத்தகாத கோப்பு ஒன்றால் நேர்ந்த ஊடுருவலும் மீட்பும்

பின்னணி

நான்கு பேர் வேலை செய்யும் ஒரு வடிவமைப்பு அலுவலகம். புத்தக அட்டைகள், ஆண்டறிக்கைகள், விளக்கப் படங்கள் செய்து தருகிறார்கள். விண்டோஸ் கணினிகள் நான்கு, யாரும் தொடாமல் அலமாரியில் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்று. இவற்றைப் பராமரிப்பது என் பொறுப்பு. மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பேன். மற்ற நேரங்களில் தொலைபேசிதான்.

பாதுகாப்பில் அக்கறை இல்லாத இடம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆன்டிவைரஸ் தினமும் புதுப்பிக்கப்பட்டது. நால்வரும் நிர்வாக உரிமை இல்லாத சாதாரணக் கணக்கில்தான் வேலை செய்தார்கள். மின்னஞ்சலுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தது. வேலைக் கோப்புகளை அவ்வப்போது ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, கழற்றி வைப்பார்கள். இவ்வளவு போதும் என்று அவர்கள் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். இத்தனையும் இருந்தும் நடந்தது என்பதால்தான் இதைப் பதிவு செய்கிறேன்.

அவர்களுடைய தொழிலின் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். "தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் திறக்காதீர்கள்" என்ற அறிவுரையை எல்லோரும் கேட்டிருப்போம். ஆனால் இவர்களுக்கு வேலை தருகிற ஒவ்வொருவரும் முதல் நாளில் தெரியாதவர்தான். அவர் அனுப்பும் மாதிரியைத் திறந்து பார்க்காமல் எவ்வளவு நாளாகும், எவ்வளவு செலவாகும் என்று பதில் எழுத முடியாது. திறக்காதே என்று சொல்லிவிட்டு, எங்கே வைத்துத் திறப்பது என்று சொல்லாமல் விட்டது என் குறை.

அந்தக் கோப்பு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்க வடிவமைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ஆண்டறிக்கை ஒன்று செய்ய வேண்டும், திட்டக் குறிப்பும் பழைய அறிக்கையும் இணைப்பில் உள்ளன, ரகசியம் கருதிக் கடவுச்சொல் போட்டிருக்கிறோம் என்று நல்ல நடையில் எழுதப்பட்டிருந்தது. கோப்பு ஒரு பகிர்வுத் தளத்தில் இருந்தது. கடவுச்சொல் அதே மின்னஞ்சலில் இருந்தது.

அவர் ஜிப் கோப்பைப் பதிவிறக்கி விரித்தார். உள்ளே பிடிஎஃப் படம் போட்ட ஒரே ஒரு கோப்பு. 11.40 மணிக்கு இரண்டு முறை சொடுக்கினார். ஒன்றும் திறக்கவில்லை. மறுபடியும் சொடுக்கினார். கோப்பு கெட்டுப்போயிருக்கும் என்று எண்ணி, "மீண்டும் அனுப்ப முடியுமா?" என்று பணிவாகப் பதில் எழுதிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

கணினி மெதுவாகவில்லை. எச்சரிக்கை எதுவும் வரவில்லை. அன்று மாலை வரை அவர் அந்தக் கணினியில்தான் வேலை செய்தார்.

முதல் அறிகுறி

மறுநாள் காலை 9 மணிக்குப் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "நேற்றிரவு அனுப்பிய கோப்புக்குக் கடவுச்சொல் சரியாக இல்லையே" என்று கேட்டார். அப்படி எதையும் யாரும் அனுப்பியிருக்கவில்லை. வடிவமைப்பாளர் 'அனுப்பியவை' பகுதியைப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. உடனே, அதே கணினியில், மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றினார். பிறகு என்னை அழைத்தார்.

கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்று தோன்றியது சரிதான். ஆனால் உள்ளே ஆள் இருக்கலாம் என்று ஐயப்படும் கணினியில் தட்டிய புதிய கடவுச்சொல் பழையதைவிட எந்த விதத்திலும் பத்திரமானதல்ல. அவரைக் குறை சொல்லவே முடியாது. பதற்றத்தில் எல்லோருடைய கையும் முதலில் அங்கேதான் போகும். இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டியவன் நான்.

முதல் இரண்டு மணி நேரம்

தொலைபேசியிலேயே இரண்டு காரியங்களைச் செய்யச் சொன்னேன். அந்தக் கணினியின் வைஃபையை நிறுத்தி, இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுங்கள். கணினியை அணைக்க வேண்டாம், எதையும் அழிக்கவும் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள். கோப்புகள் கண்ணெதிரே பூட்டப்பட்டுக் கொண்டிருந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லியிருப்பேன். இங்கே அப்படி எதுவும் தெரியவில்லை. எது ஓடியது என்று பார்க்கும் வாய்ப்பை இழக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அடுத்து, அந்த மின்னஞ்சலை ஒருபோதும் பெறாத வேறொரு கணினியில் உட்கார்ந்து மீட்பைத் தொடங்கினோம். முதலில் வங்கியைப் பார்க்க வேண்டும் என்றார் அலுவலகத்தை நடத்துபவர். நான் மின்னஞ்சலிலிருந்து தொடங்கினேன். மற்ற எல்லாக் கணக்குகளுக்கும் 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று கேட்டால் பதில் வந்து சேரும் இடம் அது. அதை மீட்காமல் மற்றவற்றை மீட்டால் நிற்காது. அதே நேரத்தில் அவர் வங்கியைத் தொலைபேசியில் அழைத்து இணையவழிப் பரிமாற்றத்தை நிறுத்தி வைத்தார்.

மின்னஞ்சல் கணக்கில் உள்நுழைந்த சாதனங்களின் பட்டியலைத் திறந்தோம். செவ்வாய் பிற்பகல் முதல் அறிமுகமில்லாத ஒரு சாதனம் அதில் இருந்தது. வடிவமைப்பாளரின் தொலைபேசிக்கு இரண்டாம் அடுக்குக் குறியீடு எதுவும் வந்திருக்கவில்லை. "குறியீடு இல்லாமல் எப்படி நுழைய முடியும்?" என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார்.

விடை உலாவியின் குக்கியில் இருக்கிறது. ஒரு தளத்தில் கடவுச்சொல்லும் குறியீடும் கொடுத்து நுழைந்ததும், 'இவர் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவர்' என்று அந்தத் தளம் உலாவியிடம் ஒரு சீட்டைக் கொடுத்து வைக்கிறது. அடுத்த முறை அந்தச் சீட்டைக் காட்டினால் போதும். சீட்டைத் திருடியவருக்கும் கடவுச்சொல் தேவையில்லை, குறியீடு தேவையில்லை. யூடியூப் சேனல் நடத்துபவர்களை விளம்பர வாய்ப்பு என்ற பெயரில் அணுகி இதே முறையில் சேனல்களைக் கைப்பற்றுவதை கூகுளின் அச்சுறுத்தல் ஆய்வுக் குழு 2021 அக்டோபரில் விரிவாக விவரித்திருக்கிறது. 2024 ஜூலையில் வந்த குரோம் 127ஆம் பதிப்பு, விண்டோஸில் இந்தச் சீட்டுகளைத் திருடுவதைக் கடினமாக்கியது; அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகளைத் திருடர்கள் சில மாதங்களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆகவே கடவுச்சொல்லை மாற்றியதோடு நிற்காமல், 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதை அழுத்தினோம். சில சேவைகளில் கடவுச்சொல்லை மாற்றினாலே மற்ற அமர்வுகள் முடிந்துவிடும், சிலவற்றில் முடியாது. எது எப்படி என்று நினைவில் வைத்திருப்பதைவிட ஒவ்வொன்றிலும் கையால் வெளியேற்றிவிடுவதே மேல்.

இங்கே எங்களை நிறுத்திய ஒன்று உண்டு. மின்னஞ்சல் அமைப்புகளில் 'வடிகட்டிகள்' பகுதியைத் திறந்தபோது, யாரும் எழுதாத ஒரு விதி இருந்தது. 'வைரஸ்', 'கடவுச்சொல்', 'நீங்கள்தானா' ஆகிய சொற்கள் வரும் எந்த அஞ்சலையும் படித்ததாகக் குறித்து நேரே குப்பைக்கு அனுப்பும் விதி. குப்பையில் ஏழு வாடிக்கையாளர்களின் பதில்கள் கிடந்தன. முதல் பதில் செவ்வாய் இரவு 8.10க்கு வந்திருக்கிறது: "இது நீங்கள்தானா அனுப்பினீர்கள்?" அந்த ஒரு வரி அவர் கண்ணில் பட்டிருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும். கணக்கை மீட்பவர்கள் பெரும்பாலும் கடவுச்சொல்லோடு முடித்துவிடுகிறார்கள். வடிகட்டிகள், தானாக முன்னனுப்பும் முகவரி, மீட்புக்கான தொலைபேசி எண், அனுமதி பெற்ற மூன்றாம் தரப்புச் செயலிகள் ஆகிய நான்கையும் பார்க்காமல் எழுந்திருக்கக் கூடாது.

கோப்பை ஆராய்ந்தபோது

அலமாரியில் கிடந்த மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, வைஃபையை நிறுத்தி, அந்த ஜிப் கோப்பை அதற்குக் கொண்டுபோனேன். விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல் லினக்ஸில் அப்படியே ஓடாது என்பது கூடுதல் காப்பு.

முதலில் பெயர். அறிந்த கோப்பு வகைகளின் நீட்சியை, அதாவது பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வகையைக் காட்டும் எழுத்துகளை, விண்டோஸ் இயல்பாகவே மறைத்துவிடும். வடிவமைப்பாளர் கண்டது 'பிடிஎஃப்' என்று முடியும் பெயர். உண்மையில் அதன் பின்னால் 'எஸ்சிஆர்' என்ற இன்னொரு நீட்சி இருந்தது. அது ஸ்கிரீன் சேவருக்கு உரியது. விண்டோஸைப் பொறுத்தவரை முழுமையாக ஓடக்கூடிய நிரல். பிடிஎஃப் படம் நிரலுக்குள்ளேயே பொதிந்து வைக்கப்பட்டது. வடிவமைப்பாளர் மிகவும் வெட்கப்பட்டார். இந்தத் தந்திரத்துக்கு வயது அதிகம் என்று அவரிடம் சொன்னேன். 2000 மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸும் உரைக்கோப்பின் நீட்சியைக் காட்டி, 'விபிஎஸ்' என்ற உண்மையான நீட்சியை மறைத்துத்தான் வந்தது.

இரண்டாவது, அளவு. ஜிப் கோப்பு 6 எம்பி. விரித்தால் 734 எம்பி. பைட்டுகளை வரிசையாகக் காட்டும் கருவியில் திறந்தேன். தொடக்கத்தில் நிரலின் வரிகள் ஓடின. சில எம்பி தாண்டியதும் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். திரையை எவ்வளவு கீழே உருட்டினாலும் அதே வரி. வெறும் பூஜ்யங்களால் கோப்பை ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வருவதால் ஜிப் அதைச் சிட்டிகை அளவுக்குச் சுருக்கிவிடும், விரித்ததும் மலையாகிவிடும். பல ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் வேகத்துக்காக மிகப் பெரிய கோப்புகளை முழுமையாக வாசிப்பதில்லை. கடவுச்சொல் போட்ட ஜிப் என்பதால் மின்னஞ்சல் சேவையாலும் பகிர்வுத் தளத்தாலும் உள்ளே பார்க்க முடிந்திருக்காது. கடவுச்சொல் வாடிக்கையாளரின் ரகசியத்தைக் காக்கப் போடப்படவில்லை. சோதனைக் கருவிகளின் கண்ணைக் கட்டத்தான் போடப்பட்டது.

மூன்றாவது, எச்சரிக்கை ஏன் வரவில்லை? இணையத்திலிருந்து இறங்கும் கோப்பின் மேல் விண்டோஸ் ஒரு முத்திரை குத்துகிறது. கோப்போடு ஒட்டிய மறைவான பகுதியில், இது 3ஆம் மண்டலத்திலிருந்து, அதாவது இணையத்திலிருந்து வந்தது என்று எழுதி வைக்கும். அந்த முத்திரை இருந்தால்தான் விண்டோஸின் எச்சரிக்கை அமைப்பான ஸ்மார்ட்ஸ்கிரீன் குறுக்கே வந்து கேள்வி கேட்கும். வேர்ட், எக்செல் போன்ற ஆவணங்களுக்குள் இருக்கும் சிறு நிரல்களான மேக்ரோக்கள் தடுக்கப்படும். ஜிப் கோப்பின் பண்புகளைத் திறந்து பார்த்தால் 'தடையை நீக்கு' என்ற கட்டம் இருந்தது. விரித்த கோப்பின் பண்புகளில் அது இல்லை. அவர் பயன்படுத்திய விரிப்பு மென்பொருளின் பழைய பதிப்பு, முத்திரையை உள்ளிருந்த கோப்புக்குக் கடத்தவில்லை. பென் டிரைவ்களிலும் இதே கதைதான்: அவற்றில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட், ஃபேட்32 சேமிப்பு வடிவங்களில் அந்த மறைவான பகுதிக்கு இடமே கிடையாது; ஒரு முறை பென் டிரைவில் ஏறி இறங்கினால் முத்திரை போய்விடும். இந்த அலுவலகத்தில் கோப்புகள் பென் டிரைவில்தான் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்வந்தன.

நான்காவது, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் எஸ்எச்ஏ-256 என்ற கைரேகையை எடுத்து, பல ஆன்டிவைரஸ் கருவிகளால் கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடினேன். அந்த 64 எழுத்துக் கைரேகை அங்கே இல்லை. ஒவ்வொருவருக்கும் சற்றே வேறுபட்ட கோப்பை அனுப்பினால் கைரேகையும் வேறாகிவிடும். ஆகவே 'இதுவரை பார்த்ததில்லை' என்ற பதிலை 'குற்றமற்றது' என்று படிக்கக் கூடாது. பூஜ்யங்களை வெட்டிவிட்டு, நிரல் பகுதியை மட்டும் அனுப்பியபோது பல கருவிகள் அதைத் தகவல் திருடும் நிரல் என்று அடையாளம் கண்டன. இதில் ஓர் எச்சரிக்கையும் தேவை. அங்கே ஏற்றும் கோப்புகளைக் கட்டணம் செலுத்தும் ஆய்வாளர்கள் இறக்கிப் பார்க்க முடியும். வாடிக்கையாளரின் உண்மையான ஆவணத்தைச் சோதிக்கிறேன் என்று ஏற்றிவிடக் கூடாது. கைரேகையை மட்டும் தேடினால் கோப்பு வெளியே போகாது.

சாதாரணக் கணக்கு ஏன் காப்பாற்றவில்லை என்பதும் இப்போது தெளிவானது. நிர்வாக உரிமை இல்லாத நிரலால் விண்டோஸைக் கெடுக்க முடியாது. ஆனால் உலாவிக் குக்கிகள், சேமித்த கடவுச்சொற்கள், வேலைக் கோப்புகள் எல்லாம் அந்தப் பயனருக்கே சொந்தமானவை. அவர் பெயரில் ஓடும் நிரல் அவற்றைத் தொட எந்த அனுமதியும் கேட்க வேண்டியதில்லை. நாங்கள் கணினியைக் காத்திருந்தோம். அதில் வேலை செய்பவரின் உடைமைகள் திறந்தே கிடந்தன.

துடைத்து எழுதும் முடிவு

புதன் மாலை ஆன்டிவைரஸ் முழுச் சோதனை முடிந்து, ஒரு கோப்பை நீக்கிவிட்டதாகவும் கணினி தூய்மையாக இருப்பதாகவும் சொன்னது. எழுத்துருக்களையும் அமைப்புகளையும் மீண்டும் நிறுவ இரண்டு நாளாகும், வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டிய வேலை இருக்கிறது, அப்படியே தொடரலாமா என்று வடிவமைப்பாளர் கேட்டார். நியாயமான கேள்வி. நான் மறுத்தேன். சோதனை எதைக் கண்டது என்பதுதான் எங்களுக்குத் தெரியும். எதைக் காணவில்லை என்பது தெரியாது. 22 மணி நேரம் இணையத்தோடு இணைந்திருந்த கணினி அது. அந்த ஐயத்தோடு அவர் மறுபடியும் வங்கிக் கடவுச்சொல்லை அதில் தட்ட வேண்டியிருக்கும்.

வேறொரு கணினியில் நிறுவல் பென் டிரைவ் தயாரித்து, டிஸ்க்கின் எல்லாப் பிரிவுகளையும் அழித்துப் புதிதாக நிறுவினோம். கழற்றி வைத்திருந்த டிஸ்க்கில் 9 நாள் பழைய நகல் இருந்தது. அந்த 9 நாள் வேலையை எடுப்பதில்தான் கவனம் தேவைப்பட்டது. லினக்ஸ் கணினி வழியாகப் படங்களையும் பக்கக் கோப்புகளையும் மட்டும் எடுத்தோம். நிரல்கள், நிறுவல் கோப்புகள், கட்டளைகள் எழுதிய ஸ்கிரிப்டுகள் எதையும் எடுக்கவில்லை. எழுத்துருக்களை அவற்றை வெளியிட்டவர்களிடமிருந்தே மீண்டும் இறக்கினோம்.

"வெளியிட்டவரின் தளத்திலிருந்து இறக்கினால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா?" என்று அப்போது அவர் கேட்டார். பெரும்பாலும் நம்பலாம், எப்போதும் அல்ல என்றேன். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள் நுழைந்தவர்கள், பதிவிறக்க இணைப்பைத் திருட்டுத்தனமாக நுழையப் பின்கதவு வைத்த நிறுவல் (ஐஎஸ்ஓ) கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். 2017இல் கணினியைச் சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரின் 5.33ஆம் பதிப்பு, முறையான டிஜிட்டல் கையொப்பத்தோடே தீநிரலைச் சுமந்து வந்தது. தேடுபொறியின் விளம்பர இணைப்பைவிட வெளியிட்டவரின் தளம் எவ்வளவோ மேல். ஆனால் அதே தளத்தில் எழுதியிருக்கும் கைரேகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் பெரிய பயன் இல்லை. தளத்தைக் கைப்பற்றியவரால் கைரேகையையும் மாற்றி எழுத முடியும்.

வெள்ளிக்கிழமை வேலை திங்கட்கிழமை போனது.

வாடிக்கையாளர்களிடம் சொன்னது

முழு விவரம் தெரிந்த பிறகு சொல்லலாம் என்று அலுவலகத்தை நடத்துபவர் முதலில் நினைத்தார். பெயர் கெட்டுவிடுமோ என்ற கவலை. அந்தக் கோப்பு இப்போது 40க்கும் மேற்பட்டவர்களின் அஞ்சல்பெட்டியில் இருக்கிறது, தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்திலும் யாராவது அதைத் திறக்கலாம் என்றேன். அவர் அரை நிமிடம் யோசித்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். நால்வரும் பிரித்துக்கொண்டு புதன்கிழமை மதியத்துக்குள் எல்லோரையும் அழைத்தார்கள். மின்னஞ்சலில் எச்சரிக்கவில்லை, திருடன் எழுதிய அதே முகவரியிலிருந்து வரும் எச்சரிக்கையை யார் நம்புவார்கள்?

மூவர் கோப்பை இறக்கியிருந்தார்கள். ஒருவர் தொலைபேசியில் திறக்க முயன்றிருக்கிறார். விண்டோஸ் நிரல் அங்கே ஓடவில்லை. இருவர் இன்னும் விரித்திருக்கவில்லை. ஒரு வாடிக்கையாளர் சில வாரம் வேலை தராமல் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வங்கிக் கணக்கில் எதுவும் நடக்கவில்லை. இணையச் சேமிப்புக் கணக்கு ஒன்றில் செவ்வாய் இரவே யாரோ நுழைந்திருந்தார்கள். அங்கிருந்த பழைய வரைவுகளை நகலெடுத்திருப்பார்கள் என்றே வைத்துக்கொண்டோம், உரியவர்களிடமும் அப்படியே சொன்னோம்.

மாற்றியவை

கோப்பைத் திறக்க ஓர் இடம் வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினோம். மூன்று கணினிகளில் விண்டோஸ் ப்ரோ இருந்ததால், 2019இல் வந்த விண்டோஸ் சாண்ட்பாக்ஸை இயக்கினேன். அது ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்கும் ஒரு தனி விண்டோஸ். மூடியதும் உள்ளே நடந்தது எல்லாம் அழிந்துவிடும். இயல்பு நிலையில் அதற்கு இணைய இணைப்பு உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். இணையத்தையும், நகலெடுத்து ஒட்டும் கிளிப்போர்டுப் பகிர்வையும் நிறுத்தி, ஒரே ஒரு கோப்புறையை வாசிக்க மட்டும் அனுமதிக்கும் அமைப்புக் கோப்பு ஒன்றை எழுதி மேசைத்திரையில் வைத்தேன். அந்தக் கோப்புறைக்கு 'வாசல்' என்று பெயர் வைத்தார்கள். புதியவரிடமிருந்து வரும் எதுவும் முதலில் வாசலில்தான் இறங்கும். ஹோம் பதிப்பு இருந்த நான்காவது கணினியில் சாண்ட்பாக்ஸ் கிடையாது. அவருக்கு அந்த லினக்ஸ் மடிக்கணினி.

நீட்சிகளை எல்லாக் கணினிகளிலும் தெரியும்படி செய்தோம். விரிப்பு மென்பொருளைப் புதுப்பித்து, முத்திரையைக் கடத்தும் அமைப்பை இயக்கினோம். ஜேஎஸ், விபிஎஸ், எச்டிஏ போன்ற ஸ்கிரிப்டுக் கோப்புகளைச் சொடுக்கினால் ஓடாமல் நோட்பேடில் வெறும் எழுத்தாகத் திறக்கும்படி மாற்றினேன்; சிறிய மாற்றம், ஆனால் வடிவமைப்பாளர்களுக்கு அந்தக் கோப்புகளை ஓட்ட வேண்டிய தேவையே இல்லை. உலாவியில் கடவுச்சொற்களைச் சேமிப்பதை நிறுத்தி, தனியான கடவுச்சொல் மேலாளருக்கு மாறினார்கள். வங்கி, மின்னஞ்சல் நிர்வாகம் இரண்டிலும் வேலை முடிந்ததும் வெளியேறிவிடுவது என்று முடிவு செய்தார்கள். வெளியேறினால் சேவையகத்தில் சீட்டு செல்லாமல் போகும். பேக்கப்புக்கு இரண்டாவது டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று எப்போதும் கழற்றியே இருக்கும். நகலெடுப்பது இனி வாரத்தில் இரண்டு நாள்.

மீண்டும் செய்வதானால் இரண்டை வேறு மாதிரி செய்வேன். எது நடந்தால் எந்தக் கணினியில் உட்கார்ந்து எதை முதலில் செய்வது என்று ஒரு தாளில் எழுதி, முதல் நாளே சுவரில் ஒட்டியிருப்பேன். 'திறக்கவில்லை' என்பதையும் ஓர் அறிகுறியாகக் கற்றுக் கொடுத்திருப்பேன். சொடுக்கியும் ஒன்றும் நடக்காத கோப்பு கெட்டுப்போன கோப்பு என்று நினைப்பது இயல்பு. செவ்வாய் 11.41க்கு அவர் என்னை அழைத்திருந்தால், முதல் திருட்டைத் தடுத்திருக்க முடியாது. அந்த 40 அஞ்சல்களைத் தடுத்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து

இன்னொரு ஜிப் வந்தது, இதுவும் கடவுச்சொல்லோடு. வடிவமைப்பாளர் அதை வாசலில் இறக்கி, விரிப்பதற்கு முன் உள்ளடக்கப் பட்டியலை மட்டும் பார்த்தார். ஒரே கோப்பு, ஜிப்பில் 5 எம்பி, விரித்தால் 700 எம்பிக்கு மேல், நீட்சி 'இஎக்ஸ்இ'. அனுப்பியவரிடம் தொலைபேசி எண் கேட்டு எழுதினார், பதில் வரவில்லை. ஜிப்பை அழித்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னார்.

அதே மாதப் பார்வையின்போது, ஹோம் பதிப்பு வைத்திருக்கும் ஓவியர் வேலை நெருக்கடியில் இரண்டு கோப்புகளை நேரடியாகத் தன் கணினியிலேயே திறந்ததைத் தானாகவே சொன்னார். மடிக்கணினி அறையின் மறுகோடியில் இருந்தது, எழுந்து போக நேரமில்லை என்றார். இரண்டும் நல்ல கோப்புகள்தான். அவருடைய விண்டோஸை ப்ரோவுக்கு உயர்த்தினோம். இப்போது வாசல் அவர் திரையிலேயே இருக்கிறது.